காரில் குழந்தை இருக்கை பொருத்துதல்: சீட் பெல்ட் சிக்கல்களும் தீர்வுகளும்

குழந்தை இருக்கை என்பது காரில் செல்லும் கைக்குழந்தைகளையும் சிறுவர்களையும் விபத்தின்போது தாங்கிப் பிடிப்பதற்காகக் காரின் இருக்கைமீது தனியே பொருத்தப்படும் இருக்கை ஆகும். இது காரின் சீட் பெல்ட்டாலோ, ஐசோஃபிக்ஸ் எனப்படும் இரும்புப் பிணைப்பாலோ காருடன் இணைக்கப்படுகிறது. காரின் சீட் பெல்ட் வளர்ந்தவர்களின் உடலுக்காக அமைக்கப்பட்டது. அதே பெல்ட் ஒரு குழந்தை இருக்கையைச் சுற்றிச் செல்லும்போது நீளம் போதாமை, பக்கிள் இடிபடுதல், இறுக்கம் நில்லாமை, இருக்கை சரிதல் போன்ற சிக்கல்கள் எழுகின்றன. இவற்றுள் பெரும்பாலானவற்றைக் கண்ணால் பார்த்தும் கையால் அசைத்தும் கண்டறியலாம், வீட்டிலேயே சரிசெய்யலாம். சில கார்களுக்குச் சில இருக்கைகள் பொருந்துவதே இல்லை. அங்கே வேறு இருக்கை வாங்குவதே தீர்வு; பெல்ட்டில் ஒட்டுவேலை செய்வது தீர்வாகாது.

தேவை

தாயின் மடியே குழந்தைக்குப் பாதுகாப்பான இடம் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. காரைப் பொறுத்தவரை இது சரியன்று. மணிக்கு 50 கி.மீ. வேகம் என்பது நொடிக்கு ஏறத்தாழ 13.9 மீட்டர். இவ்வேகத்தில் செல்லும் கார் மோதி 0.1 நொடியில் நின்றுவிடுவதாகக் கொண்டால், 10 கிலோ எடையுள்ள குழந்தையைப் பிடித்து நிறுத்த ஏறத்தாழ 1,390 நியூட்டன் விசை தேவை. இது 140 கிலோ மூட்டையைத் தூக்கிப் பிடிப்பதற்குச் சமம். அந்தக் கணநேரத்தில் இவ்விசையைத் தாங்கும் வலிமை எவர் கைக்கும் இல்லை. பிடியில்லாத குழந்தைக்கு இம்மோதல், ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாம் மாடியிலிருந்து, விழுவதற்கு ஒப்பாகும்.

தாய் தன் சீட் பெல்ட்டுக்குள் குழந்தையையும் சேர்த்துக் கட்டிக்கொள்வது இன்னும் ஆபத்தானது. மோதலின்போது தாயின் முழு எடையும் குழந்தையைப் பெல்ட்டோடு சேர்த்து நசுக்கும்.

அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் மதிப்பீட்டின்படி, குழந்தை இருக்கைகள் கார் விபத்துகளில் ஒரு வயதுக்குட்பட்டோரின் இறப்பை 71 விழுக்காடும், 1 முதல் 4 வயதுக் குழந்தைகளின் இறப்பை 54 விழுக்காடும் குறைக்கின்றன. இருப்பினும், இருக்கைகளில் 46 விழுக்காடு ஏதேனும் ஒரு வகையில் தவறாகப் பயன்படுத்தப்படுவதாக அதே நிர்வாகத்தின் ஆய்வு கண்டறிந்தது. இருக்கை வாங்குவதோடு வேலை முடிவதில்லை என்பதை இந்த எண் காட்டுகிறது.

வரலாறு

இன்று கார்களில் உள்ள மும்முனை சீட் பெல்ட்டை வால்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின் வடிவமைத்தார். 1959-இல் இது கார்களில் பொருத்தப்பட்டது. சுவீடனைச் சேர்ந்த பெர்டில் ஆல்ட்மேன், ஜெமினி விண்கல வீரர்கள் முதுகில் விசையைத் தாங்கும்படி சாய்ந்திருந்த முறையைக் கண்டு, பின்நோக்கிய குழந்தை இருக்கையை உருவாக்கினார். அதன் முன்மாதிரி 1964-இல் சோதிக்கப்பட்டது. கைக்குழந்தையின் தலை உடலோடு ஒப்பிடும்போது பெரியது, கழுத்தோ வலுவற்றது. பின்நோக்கி அமரும்போது மோதலின் விசை முதுகு, கழுத்து, தலை முழுவதிலும் பரவுகிறது. கைக்குழந்தை இருக்கைகள் இன்றும் இந்த அடிப்படையிலேயே அமைகின்றன.

சீட் பெல்ட்டால் பொருத்துவதில் நேரும் தவறுகளைக் குறைக்கவே ஐசோஃபிக்ஸ் முறை உருவானது. இதற்கான பன்னாட்டுத் தரநிலை 1999-இல் வெளிவந்தது. காரின் பின்னிருக்கை இடுக்கில் 280 மி.மீ. இடைவெளியில் இரண்டு இரும்புக் கம்பிகள் இருக்கும். குழந்தை இருக்கையின் கவ்விகள் அவற்றில் நேரடியாகப் பூட்டிக்கொள்ளும்.

இந்தியச் சட்டமும் தரநிலைகளும்

2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 194-பி என்ற பிரிவைச் சேர்த்தது. இதன்படி, 14 வயது நிறையாத குழந்தையைச் சீட் பெல்ட்டாலோ குழந்தை இருக்கையாலோ பிணைக்காமல் வாகனம் ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம் விதிக்கப்படும். இப்பிரிவு 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது.

குழந்தை இருக்கைகளுக்கான இந்தியத் தரநிலை ஏ.ஐ.எஸ்.-072 ஆகும். இது ஐக்கிய நாடுகளின் ஒழுங்குமுறை 44-ஐ ஒட்டியது. அவ்வொழுங்குமுறை இருக்கைகளைக் குழந்தையின் எடையை வைத்துப் பிரிக்கிறது: 10 கிலோ வரை தொகுதி 0, 13 கிலோ வரை தொகுதி 0+, 9 முதல் 18 கிலோ வரை தொகுதி 1, 15 முதல் 25 கிலோ வரை தொகுதி 2, 22 முதல் 36 கிலோ வரை தொகுதி 3. 2013-இல் நடைமுறைக்கு வந்த ஒழுங்குமுறை 129 குழந்தையின் உயரத்தை அளவாகக் கொள்கிறது. 15 மாதம் வரை பின்நோக்கியே அமர்த்த வேண்டும் என்கிறது.

2023 அக்டோபர் முதல் நடைபெறும் பாரத் என்கேப் மதிப்பீட்டில் குழந்தைப் பாதுகாப்புக்கு 49 புள்ளிகள் ஒதுக்கப்பட்டுள்ளன. மோதல் சோதனைக்கு 24, குழந்தை இருக்கையைக் காரில் பொருத்திப் பார்ப்பதற்கு 12, காரின் அமைப்புக்கு 13 என அவை பிரிக்கப்படுகின்றன. பொருத்தம் என்பது இருக்கையை மட்டும் சார்ந்ததன்று, காரையும் சார்ந்தது என்பதை இப்பகுப்பு உணர்த்துகிறது.

சீட் பெல்ட் இயங்கும் முறை

மும்முனை பெல்ட்டில் இரண்டு பகுதிகள் உண்டு: மடிமேல் செல்லும் இடுப்புப் பகுதி, மார்பின் குறுக்கே செல்லும் தோள் பகுதி. பெல்ட்டின் ஒரு முனை, கார் ஓரத்தில் உள்ள பெட்டிக்குள் சுருண்டிருக்கும். மெதுவாக இழுத்தால் பெல்ட் தாராளமாக வரும். வெடுக்கென்று இழுத்தாலோ, கார் திடீரென வேகம் குறைந்தாலோ பூட்டிக்கொள்ளும். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் உள்ள கார்களில் பெரும்பாலும் இவ்வகையே காணப்படுகிறது.

குழந்தை இருக்கையைப் பொருத்தியபின் பெல்ட்டைக் கையால் மெதுவாக இழுத்தால் வருவதைக் கண்டு, பெல்ட் பழுதாகிவிட்டது என்று பலர் நினைப்பதுண்டு. அது பழுது அன்று. இதனால் எழும் தளர்வைத் தடுக்கவே பல குழந்தை இருக்கைகளில் பெல்ட்டை நெரித்துப் பிடிக்கும் பூட்டுக் கவ்வி ஒன்று அமைந்திருக்கிறது.

பெல்ட் நுழையும் பாதை இருக்கையிலேயே நிறத்தால் காட்டப்பட்டிருக்கும். பின்நோக்கிப் பொருத்தும்போது நீல நிறப் பாதையும், முன்நோக்கிப் பொருத்தும்போது சிவப்பு நிறப் பாதையும் பயன்படும். இரண்டையும் மாற்றிவிட்டால், எவ்வளவு இறுக்கினாலும் பொருத்தம் தவறானதே.

பொருத்தும் முறையும் சோதனையும்

முன்நோக்கிய இருக்கையைச் சீட் பெல்ட்டால் பொருத்தும் பொதுவான வரிசை பின்வருமாறு:

1. காரின் பின்னிருக்கையில் விரித்துள்ள துண்டு, மெத்தை முதலியவற்றை எடுத்துவிட வேண்டும்.
2. குழந்தை இருக்கையின் முதுகு, காரின் சாய்வோடு ஒட்டியிருக்கும்படி வைக்க வேண்டும்.
3. பெல்ட்டை முறுக்கில்லாமல் குறித்த பாதையில் நுழைத்து, ‘க்ளிக்’ ஒலி கேட்கும்வரை பக்கிளில் மாட்ட வேண்டும்.
4. ஒரு கையால் இருக்கையை அழுத்திக்கொண்டு, முதலில் இடுப்புப் பகுதியையும் பிறகு தோள் பகுதியையும் இழுத்து இறுக்க வேண்டும்.
5. பூட்டுக் கவ்வி இருந்தால் அதை மூட வேண்டும்.
6. டாப் டெதர் எனப்படும் மேல்வார் இருந்தால் அதை உரிய கொக்கியில் மாட்ட வேண்டும்.

சோதிக்கும்போது, பெல்ட் நுழையும் இடத்திற்கு அருகில் இருக்கையைப் பிடித்து, கைகுலுக்கும் அளவு வலிமையுடன் பக்கவாட்டிலும் முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். 2.5 செ.மீ.க்கு மேல் நகரக்கூடாது. இருக்கையின் உச்சியைப் பிடித்து அசைப்பது சரியான சோதனை ஆகாது. நன்கு பொருத்திய இருக்கையின் உச்சியும் ஓரளவு ஆடும். முக்கியமாக, பின்நோக்கிய இருக்கையின் தலைப்பகுதி ஆடுவது இயல்பு.

சிக்கல்களும் தீர்வுகளும்

பெல்ட் நீளம் போதாமை

தொட்டில் வடிவக் கைக்குழந்தை இருக்கைகளில் இச்சிக்கல் மிகுதி. இவற்றில் இடுப்புப் பகுதி குழந்தையின் கால்பக்கமாகவும், தோள் பகுதி இருக்கையின் பின்புறத்தைச் சுற்றியும் செல்வதால் நீளமான பெல்ட் தேவை. முதலில், பெல்ட் எங்கேனும் சீட் கவருக்குள் சிக்கியிருக்கிறதா, முறுக்கியிருக்கிறதா, பெட்டியிலிருந்து முழுவதும் வெளிவருகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு பின்னிருக்கையின் மறுபக்கத்தில் முயலலாம். ஒரே காரில்கூட இடத்துக்கு இடம் பெல்ட் நீளம் வேறுபடலாம்.

அப்போதும் எட்டாவிட்டால் அந்த இருக்கை அந்தக் காருக்கு உரியதன்று. பெல்ட் நீட்டிப்பான் வாங்கி மாட்டுவது, தைப்பவரிடம் கொடுத்துத் துணிப்பட்டை சேர்ப்பது, தோள் பகுதியைச் சுற்றாமல் விட்டுவிடுவது ஆகிய மூன்றும் ஆபத்தானவை. ஐசோஃபிக்ஸ் அடித்தளம் உள்ள இருக்கையோ, குறைந்த நீளமே தேவைப்படும் வேறு வடிவ இருக்கையோ தேர்ந்தெடுக்க வேண்டும்.

பக்கிள் இடிபடுதல்

பக்கிளைத் தாங்கும் தண்டு நீளமாக இருந்தால், பக்கிள் குழந்தை இருக்கையின் பிளாஸ்டிக் விளிம்பின் மீதோ பாதைக்குள்ளோ வந்து நிற்கும். விளிம்பில் வளைந்து செல்ல வேண்டியது பெல்ட் துணி மட்டுமே. பக்கிள் அங்கே கிடந்தால், மோதலின்போது விசை முழுவதும் அதன் உடல்மீது விழுந்து, உடையவோ திறந்துகொள்ளவோ கூடும். வெளிப்பார்வைக்கு இருக்கை நன்கு இறுகியிருப்பது போலவே தோன்றுவதால் இச்சிக்கல் எளிதில் கவனத்துக்கு வருவதில்லை.

தண்டு குட்டையாக உள்ள வேறு இடத்துக்கு இருக்கையை மாற்றிப் பார்க்கலாம். சில குழந்தை இருக்கைகளில் மாற்றுப் பாதை ஒன்று காட்டப்பட்டிருக்கும். கையேட்டில் இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். துணித்தண்டைச் சில சுற்றுகள் முறுக்கிக் குட்டையாக்கும் வழக்கம் உண்டு. கார், குழந்தை இருக்கை ஆகிய இரண்டின் தயாரிப்பாளர்களும் அனுமதித்தால் மட்டுமே அதைச் செய்யலாம்.

பெல்ட் இருக்கை இடுக்கிலிருந்து முன்தள்ளித் தொடங்குதல்

காரின் சாய்வும் இருக்கையும் கூடும் இடுக்கிலிருந்து பெல்ட் தொடங்கினால், அது குழந்தை இருக்கையைப் பின்னோக்கி இழுத்துப் பிடிக்கும். சில கார்களில் பெல்ட் அவ்விடுக்கிலிருந்து சில அங்குலம் முன்னால் தொடங்கும். அங்கே பெல்ட் நேர்மேலாகச் செல்வதால், எவ்வளவு இறுக்கினாலும் இருக்கை முன்னோக்கி வழுக்கி வரும். இது கைவலிமையால் தீராது. ஐசோஃபிக்ஸ் இருந்தால் அதைப் பயன்படுத்துவதும், இல்லையெனில் இடத்தை மாற்றுவதும் உரிய வழிகள்.

இறுக்கம் நில்லாமை

பொருத்தியபோது இறுகியிருந்து, இரண்டு நாளில் தளர்ந்துவிடும் இருக்கைகள் உண்டு. பூட்டுக் கவ்வி மூடப்படாமை, கவ்விக்குள் பெல்ட் மடிந்து கிடத்தல், இரண்டு கவ்விகளில் தவறானதை மூடுதல் ஆகியவை வழக்கமான காரணங்கள். கையேட்டில் காட்டிய பக்கத்துக் கவ்வியையே மூட வேண்டும். இறுக்கும்போது பெல்ட்டை வெளியிலிருந்து மேல்நோக்கி இழுப்பதைவிட, பாதைக்கு உள்ளே கைவிட்டு நேர்கோட்டில் இழுப்பது எளிது. சாய்வு நிலை மாற்றக்கூடிய இருக்கைகளில், கையேடு அனுமதித்தால், சாய்த்த நிலையில் இறுக்கிவிட்டு நிமிர்த்தும்போது பிடி கூடும்.

பக்கவாட்டில் சாய்தல்

தோள் பகுதியை மட்டும் பிடித்து வலுவாக இழுத்தால், இருக்கையின் ஒரு பக்கம் மேலெழும்பிச் சாயும். இடுப்புப் பகுதியே இருக்கையைக் கீழே அழுத்திப் பிடிப்பது. தோள் பகுதி அதற்குத் துணை. பூட்டைத் தளர்த்திவிட்டு இடுப்புப் பகுதியிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும்.

தலைதாங்கி தள்ளுதல்

காரின் ஹெட்ரெஸ்ட் எனப்படும் தலைதாங்கி முன்னோக்கி வளைந்திருந்தால், முன்நோக்கிய குழந்தை இருக்கையின் முதுகைத் தள்ளி இடைவெளி உண்டாக்கும். அதை உயர்த்தியோ கழற்றியோ வைக்க வேண்டும். கழற்றியதைக் காருக்குள் உருளவிடாமல் டிக்கியில் வைத்து, குழந்தை இருக்கையை எடுத்தபின் மறவாமல் மாட்ட வேண்டும்.

சாய்கோணம் தவறுதல்

காரின் இருக்கை பின்புறம் தாழ்ந்திருப்பதால், பின்நோக்கிய இருக்கை மிகவும் நிமிர்ந்துவிடும். அப்போது பச்சிளம் குழந்தையின் தலை மார்பின்மீது சாய்ந்து மூச்சுக்குழல் அடைபட வாய்ப்புண்டு. இருக்கையின் ஓரத்தில் உள்ள கோடு தரைக்கு இணையாக இருக்க வேண்டும். காரைச் சமதளத்தில் நிறுத்தியே இதைப் பார்க்க வேண்டும். கையேடு அனுமதித்தால், இறுகச் சுருட்டிய துண்டை இருக்கையின் அடியில் வைத்துக் கோணத்தைச் சரிசெய்யலாம்.

இடுப்புப் பட்டை மட்டும் உள்ள இடம்

பழைய கார்களில் பின்னிருக்கையின் நடுவிடத்தில் இடுப்புப் பட்டை மட்டுமே இருக்கும். மும்முனை பெல்ட் தேவைப்படும் இருக்கையை அங்கே வைக்கக்கூடாது. பூஸ்டர் எனப்படும் உயர்த்தும் இருக்கையை இடுப்புப் பட்டையோடு பயன்படுத்தவே கூடாது. மோதலின்போது குழந்தையின் மேலுடல் முழுவதும் முன்னே மடியும்.

கார் கையேட்டின் அட்டவணை

பல கார்களின் கையேட்டில், எந்த இடத்தில் எந்த எடைத் தொகுதி இருக்கை பொருந்தும் என்ற அட்டவணை உண்டு. ஆங்கில எழுத்து ‘யு’ என்றிருந்தால் பொது ஒப்புதல் பெற்ற இருக்கைகள் பொருந்தும். ‘யு.எஃப்.’ என்றால் முன்நோக்கிய பொது இருக்கைகள் மட்டும் பொருந்தும். ‘எல்’ என்றால் பட்டியலில் உள்ள குறிப்பிட்ட இருக்கைகள் மட்டும் பொருந்தும். ‘எக்ஸ்’ என்றால் அவ்விடம் ஏற்றதன்று. கடைக்குச் செல்லுமுன் இந்த ஒரு பக்கத்தைப் படித்தால், மேற்கண்ட சிக்கல்களில் பாதியைத் தவிர்க்கலாம். காரைக் கடை வாசலுக்கே கொண்டுசென்று பொருத்திப் பார்த்து வாங்குவது இன்னும் நல்லது.

காற்றுப்பை உள்ள முன்னிருக்கை

முன்னால் காற்றுப்பை இயங்கும் நிலையில் உள்ள இருக்கையில் பின்நோக்கிய குழந்தை இருக்கையை ஒருபோதும் வைக்கக்கூடாது. விரியும் காற்றுப்பை குழந்தையின் தலைக்குப் பின்னுள்ள ஓட்டை நேரடியாக மிகுந்த விசையுடன் தாக்கும்.

ஊர்ப்புறச் சூழலில் காணப்படும் சிக்கல்கள்

விருதுநகர் மாவட்டம் திருச்சுழி வட்டத்தில் உள்ள வீரசோழன் போன்ற ஊர்களில், கைக்குழந்தையுடன் அருப்புக்கோட்டைக்கோ மதுரைக்கோ மருத்துவமனைக்குச் செல்லவும், குலதெய்வக் கோயிலில் முடியிறக்கிக் காது குத்தவும் வாடகைக் கார் அமர்த்துவது வழக்கம். ஊர்ச்சாலையில் மெதுவாகச் செல்லும் கார், மதுரை–தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் ஏறியவுடன் வேகம் பிடிக்கும். இத்தகைய பயணங்களில் பெரும்பாலும் எதிர்கொள்ளும் இடையூறுகள் வருமாறு:

சீட் கவர்: கார் வாங்கியவுடன் ரெக்ஸின் கவர் போடுவது பரவலான வழக்கம். அது பக்கிள்களையும் ஐசோஃபிக்ஸ் கம்பிகளையும் மூடிவிடும். வழுக்கும் தன்மையும் கொண்டது. கவரைக் குறைந்தது அந்த இடத்திலாவது விலக்க வேண்டும்.

புதைந்த பக்கிள்: பின்னிருக்கையில் யாரும் பெல்ட் அணிவதில்லை என்பதால், உட்காரும்போது குத்தாமலிருக்கப் பக்கிள்களை இருக்கைக்கு அடியில் தள்ளிவிடுகிறார்கள். வாடகைக் காரில் பெல்ட் இல்லை என்று எண்ணுமுன், இடுக்கில் கைவிட்டுத் தேட வேண்டும். பல கார்களில் இருக்கையின் அடிப்பகுதியைத் தூக்கினால் பக்கிள் கிடைத்துவிடும்.

தூசி: கரிசல் மண் தூசியும் தின்பண்டத் துணுக்குகளும் பக்கிளுக்குள் சேர்ந்தால் ‘க்ளிக்’ ஒலி வராது, பாதியில் மாட்டியது போல நிற்கும். உறிஞ்சு கருவியால் தூசியை எடுக்க வேண்டும். எண்ணெய் விடக்கூடாது; எண்ணெய் மேலும் மண்ணைச் சேர்க்கும். சுத்தம் செய்தும் பூட்டாத பக்கிளை மாற்ற வேண்டும்.

போலி நாக்கு: சீட் பெல்ட் அணியாதபோது ஒலிக்கும் எச்சரிக்கையை நிறுத்தப் பக்கிளில் செருகும் போலி நாக்குகள் விற்கப்பட்டன. 2023-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், இவற்றை விற்ற இணைய வணிகத் தளங்களுக்கு எதிராக ஆணை பிறப்பித்தது. பக்கிளில் இது செருகியிருந்தால் எடுத்துவிட்டு, உண்மையான நாக்கு ஒழுங்காகப் பூட்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.

பக்கவாட்டு இருக்கைகள்: பழைய பல்பயன் வண்டிகளின் கடைசிப் பகுதியில் எதிரெதிராக அமைந்த பலகை இருக்கைகளில் குழந்தை இருக்கையைப் பொருத்தக்கூடாது. குழந்தை இருக்கைகள் முன்னோக்கிய கார் இருக்கைகளில் வைத்தே சோதிக்கப்படுகின்றன.

வெயில்: வெயிலில் நின்ற காரில் பக்கிளின் உலோகப் பகுதி குழந்தையின் தோலைச் சுடும் அளவுக்குச் சூடேறும். வெள்ளைத் துணியால் இருக்கையை மூடி வைத்து, அமர்த்துமுன் உலோகத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கண்ணாடி சற்று இறக்கியிருந்தாலும், நின்ற காரில் குழந்தையைத் தனியே விடக்கூடாது.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் இருக்கைகள்

விடுமுறைக்கு ஊர் வருவோர் அங்கு வாங்கிய இருக்கையை உடன் கொண்டுவருவதுண்டு. சிங்கப்பூரில் 1.35 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ளோர் உரிய குழந்தை இருக்கையில் அமர்வது கட்டாயம் என்பதால், அங்கிருந்து வருவோர் இருக்கைக்குப் பழகியிருப்பர். ஐக்கிய நாடுகளின் ஒழுங்குமுறைப்படி ஒப்புதல் பெற்ற இருக்கைகள் இந்தியக் கார்களின் பெல்ட்டோடு இயல்பாகப் பொருந்தும்.

அமெரிக்க இருக்கைகளில் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே 1996 மாடல் முதல் கார்களின் பயணியர் பெல்ட்டுகளைக் குழந்தை இருக்கைக்காகப் பூட்டி நிறுத்தும் வசதி உள்ளது. முழுவதும் வெளியே இழுத்துவிட்டால் பூட்டு நிலைக்கு மாறுவது அதன் வழக்கமான வடிவம். அதை நம்பிச் செய்யப்பட்ட சில இருக்கைகளில் பூட்டுக் கவ்வி இராது. இந்தியக் காரில் அத்தகைய இருக்கை தளர்ந்துவிடும். கையேட்டில் கூறியிருந்தால் ‘எச்’ எழுத்து வடிவ உலோகக் கவ்வியைப் பயன்படுத்தலாம். இல்லையெனில், கார் கையேடு ஐசோஃபிக்ஸ் கம்பிகள் இருப்பதாகக் கூறும் இடத்தில் அவ்விருக்கையின் கீழ்ப்பட்டைகளைக் கம்பிகளில் மாட்டலாம்.

ஐசோஃபிக்ஸ் இருந்தாலும் கவனிக்க வேண்டியவை

ஐசோஃபிக்ஸ் பல பெல்ட் சிக்கல்களைத் தவிர்க்கிறது, எல்லாவற்றையும் அன்று. கவ்விகள் பூட்டியதைக் காட்டும் பச்சைக் குறி இருபுறமும் தெரிய வேண்டும். டாப் டெதரை டிக்கியில் சாமான் கட்டும் கொக்கியில் மாட்டிவிடுவது வழக்கமான தவறு. உரிய கொக்கி எது என்பதைக் கார் கையேடு காட்டும். தாங்குகால் உள்ள இருக்கையில், அக்கால் கார்த்தரையை உறுதியாகத் தொட வேண்டும். தரையில் மூடியுள்ள பெட்டி இருந்தால் அதன்மீது ஊன்றக்கூடாது. ஐசோஃபிக்ஸ், சீட் பெல்ட் இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவது, கையேடு கூறினால் மட்டுமே சரி.

குழந்தையைப் பிணைத்தல்

இருக்கை காரோடு இறுகியிருந்தாலும், குழந்தை இருக்கையோடு இறுகாவிட்டால் பயனில்லை. பின்நோக்கிய இருக்கையில் தோள்வார்கள் தோளின் மட்டத்திலோ சற்றுக் கீழோ தொடங்க வேண்டும். முன்நோக்கிய இருக்கையில் தோள் மட்டத்திலோ சற்று மேலோ தொடங்க வேண்டும். தோளருகே வாரை விரல்களால் கிள்ளிப் பார்த்தால் மடிப்பு அகப்படக்கூடாது. கைக்குழந்தையைத் துணியில் சுற்றிவிட்டு வார் போடக்கூடாது. வாரைப் பூட்டியபின் மேலே துணி போர்த்த வேண்டும். குழந்தையின் முதுகுக்குப் பின்னால் தலையணை வைப்பதும் வாரைத் தளர்த்திவிடும்.

பூஸ்டரிலிருந்து சீட் பெல்ட்டுக்கு

வாருள்ள இருக்கையின் அளவைத் தாண்டிய குழந்தை, சீட் பெல்ட் மட்டும் அணியும் அளவுக்கு வளர்ந்துவிட்டது என்று பொருளன்று. இடைப்பட்ட ஆண்டுகளில் பூஸ்டர் குழந்தையை உயர்த்தி, பெல்ட்டைச் சரியான இடத்தில் படியச் செய்கிறது. பின்வரும் ஐந்தும் நிறைவேறினால் பூஸ்டரை விடலாம்:

1. முதுகு காரின் சாய்வில் முழுவதும் படிகிறது.
2. முழங்கால் இருக்கையின் விளிம்பில் இயல்பாக மடிகிறது.
3. இடுப்புப் பகுதி தொடையின் மேற்புறத்தில், இடுப்பெலும்போடு படிகிறது; வயிற்றின்மீது ஏறவில்லை.
4. தோள் பகுதி கழுத்துக்கும் தோள் நுனிக்கும் நடுவே செல்கிறது.
5. பயணம் முழுவதும் குழந்தை இப்படியே அமர முடிகிறது.

பொதுவாக 145 செ.மீ. உயரத்தை ஒட்டியே இது அமையும். கழுத்தை உறுத்துகிறது என்று தோள் பகுதியைக் கைக்கு அடியிலோ முதுகுக்குப் பின்னோ போட்டுவிடும் குழந்தைகள் பலர். அவ்வாறு செய்தால் மோதலின் விசை முழுவதும் வயிற்றுக்கும் விலாவுக்கும் செல்லும். பெல்ட் உறுத்தினால் பூஸ்டர் இன்னும் தேவை என்பதே அதன் பொருள்.

பழைய இருக்கைகள்

உறவினர் வீட்டிலிருந்து பெறும் இருக்கை விபத்தில் சிக்கியதா என்று கேட்டறிய வேண்டும். விபத்தில் சிக்கியது வெளியே நன்றாகத் தோன்றினாலும் உள்ளே விரிசல் இருக்கலாம். ஒப்புதல் ஒட்டுத்தாள், கையேடு, எல்லாப் பாகங்களும் உள்ளனவா என்றும், தயாரிப்பாளர் குறித்த பயன்பாட்டுக் காலம் முடிந்துவிட்டதா என்றும் பார்க்க வேண்டும்.

பயணத்துக்கு முன்

ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னர் நான்கு செயல்கள் போதும்: பெல்ட் பாதையருகே இருக்கையை அசைத்துப் பார்த்தல், பக்கிள் விளிம்பில் இடிபடவில்லை என்று காணுதல், பெல்ட்டிலும் வாரிலும் முறுக்கு இல்லை என உறுதிசெய்தல், தோளருகே வாரைக் கிள்ளிப் பார்த்தல். இதற்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது. வாடகைக் காரில் செல்வோர், கார் வீட்டு வாசலுக்கு வந்தபின் அவசரமாகப் பொருத்துவதைவிட, ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லிக் கால் மணி நேரம் முன்னதாக வரச்செய்வது நல்லது. குழந்தை பசியோடு அழும்போதும், புறப்படும் அவசரத்திலும்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன.